டபிள்யூபிஎல் டீம் ஒன்னைப் பிடிச்சு சீசன் முழுக்க ஃபாலோ பண்றது எப்படி (ஸ்டார்களை கொஞ்சம் ஓரமா வைங்க)

நம்ம ஊர்க்காரங்களுக்கு டபிள்யூபிஎல்ல, அதாவது பெண்கள் பிரீமியர் லீக் கிரிக்கெட்ல, ஒரு பெரிய வசதி இருக்கு, சென்னைக்கு டீமே கிடையாது. இருக்கறது அஞ்சே டீம்தான், மும்பை இந்தியன்ஸ், டெல்லி கேப்பிடல்ஸ், ஆர்சிபி (பெங்களூரு), யூபி வாரியர்ஸ், குஜராத் ஜயன்ட்ஸ். இது என்னடா வசதின்னு கேக்கலாம். ஐபிஎல்ல நாம டீம் பிடிக்கறதே இல்ல, பொறந்த ஊரு நமக்காக பிடிச்சு குடுத்துடுது, அப்புறம் அந்த மஞ்ச சட்டைக்காக ஒவ்வொரு வருஷமும் வாய்ச்சண்டை. இங்க அந்தப் பாரம் இல்ல. ஆட்டத்தைப் பார்த்து, டீமைப் பார்த்து, பிடிச்சதை நீங்களே எடுத்துக்கலாம்.

ஆனா எடுக்கறப்போ எல்லாரும் ஒரே மாதிரிதான் எடுக்கறாங்க. ஸ்மிருதி மந்தனா பிடிக்கும் அதனால ஆர்சிபி, ஹர்மன்ப்ரீத் கவுர் பிடிக்கும் அதனால மும்பை. தப்பில்ல, எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. ஆனா அதோட நின்னுட்டீங்கன்னா ஸ்மிருதி நாலாவது ஓவர்ல அவுட் ஆனதும் டிவியை ஆஃப் பண்ணிட்டு போயிடுவீங்க, மேட்ச் உண்மையிலேயே எங்க ஜெயிக்கப்படுதுங்கறதே கண்ணுல படாது. நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான்: இந்த லீக்ல கப்பை முடிவு பண்றது பேர் தெரிஞ்ச நாலஞ்சு பேர் இல்ல, ஏலத்துல பத்து லட்சத்துக்கு வந்த இந்தியப் பொண்ணுங்க. அவங்களைப் பார்க்கப் பழகிட்டா இருபது ஓவரும் உட்கார்ந்து பார்க்கலாம், அதுக்கு என்னென்ன செய்யணும்னு சொல்றேன்.

ஏன் அவங்கன்னு முதல்ல கணக்கைப் பாருங்க. ஸ்குவாடுக்கு 15ல இருந்து 18 பேர் வரைக்கும். களத்துல இறங்கற பதினொன்னுல வெளிநாட்டுக்காரங்க நாலு பேர் இருக்கலாம், அஞ்சாவதா ஒருத்தர் வேணும்னா அவங்க அசோசியேட் நாட்டை, அதாவது டெஸ்ட் அந்தஸ்து இல்லாத நாட்டைச் சேர்ந்தவங்களா இருக்கணும். (2023ல டெல்லி இந்த விதியை அழகா யூஸ் பண்ணுச்சு, அமெரிக்காவுக்கு ஆடற தாரா நாரிஸை எடுத்து இறக்குனாங்க, அந்தம்மா ஆர்சிபிக்கு எதிரா 29 ரன்னுக்கு 5 விக்கெட், டபிள்யூபிஎல் வரலாற்றுல முதல் அஞ்சு விக்கெட் அதுதான்.) அப்போ பதினொன்னுல ஆறோ ஏழோ பேர் இந்தியர். அதுல ரெண்டு மூணு பேர் இந்திய டீமுக்கு ரெகுலரா ஆடறவங்க. மீதி நாலு பேர் யாரு? அந்த நாலு இடம்தான் விஷயம். வெளிநாட்டு ஸ்டார் அஞ்சு டீம்லயும் இருக்காங்க, அதனால அங்க பெரிய வித்தியாசம் வராது. டீமுக்கும் டீமுக்கும் நடுவுல பள்ளம் விழறது இந்த நாலு இடத்துலதான்.

இன்னொரு காரணமும் இருக்கு, நிறைய பேர் இதைக் கவனிக்கறதில்ல. டபிள்யூபிஎல்ல இம்பாக்ட் பிளேயர் கிடையாது. ஐபிஎல் மாதிரி பேட்டிங் முடிஞ்சதும் ஒருத்தரை வெளிய அனுப்பிட்டு பௌலரை உள்ள கொண்டு வர முடியாது. டாஸ்ல குடுத்த பதினொன்னுதான் கடைசி வரைக்கும். அதனால ஏழாவது எட்டாவது இடத்துல யார் ஆடறாங்களோ அவங்க கொஞ்சம் அடிக்கவும் தெரியணும், ரெண்டு ஓவர் போடவும் தெரியணும். ஒரு டீம் அந்த இடத்துல ஏமாந்துட்டா மறைக்கவே முடியாது. எனக்கு இந்த லீக் ஐபிஎல்லை விட சுவாரசியமா இருக்கறதுக்கு இதுவே முக்கியக் காரணம்.

ஏலம் முடிஞ்ச கையோட பண்ண வேண்டிய வேலை

ஒரு நோட்டு எடுங்க, இல்ல போன்லயே எழுதிக்கங்க. உங்க டீம் ஸ்குவாடை மூணா பிரிங்க. வெளிநாடு, இந்திய டீமுக்கு ஆடுனவங்க, இன்னும் ஆடாதவங்க. மூணாவது கூட்டத்துல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் பக்கத்துல மூணே விஷயம் எழுதுங்க, எந்த மாநிலத்துக்கு ஆடறாங்க, எந்தக் கை, என்ன போடுவாங்க. அவ்ளோதான். லெக் ஸ்பின்னா, ஆஃப் ஸ்பின்னா, இடக்கை ஸ்பின்னா, வேகமா. ஏலத்தன்னிக்கு எல்லா சேனல்லயும் கோடிக்கு போனவங்க பேரைத்தான் கத்துவாங்க, நீங்க ராத்திரி பத்து மணிக்கு மேல அடிப்படை விலைக்கு போற பேருங்களைக் குறிச்சு வைங்க.

பழைய கதையை நம்பாதீங்க, இது முக்கியம். 2025 நவம்பர்ல டெல்லியில மெகா ஏலம் நடந்துச்சு, ஒரு டீம் அதிகபட்சம் அஞ்சு பேரைத்தான் வச்சுக்கலாம், மத்தவங்க எல்லாரும் ஏலத்துக்கு. யூபி ஒரே ஒரு ஆளை மட்டும் வச்சுக்கிட்டு மத்த எல்லாரையும் விட்டுட்டாங்க, தீப்தி ஷர்மாவைக்கூட விட்டுட்டு அப்புறம் ஏலத்துல 3.2 கோடி குடுத்து திரும்ப எடுத்தாங்க. அதனால 2024ல எழுதுன டீம் அலசலைப் படிச்சுட்டு 2026 டீமைப் பத்திப் பேசுனா சிரிப்பாங்க.

விலையைப் பார்த்து ஆளை எடை போடாம இருக்க ரெண்டு மூணு உதாரணம். 2023 பிப்ரவரியில முதல் ஏலம், ஒரு டீம் மொத்தமா செலவு பண்ணக்கூடிய பர்ஸ் 12 கோடி, ஸ்மிருதி 3.4 கோடிக்கு ஆர்சிபிக்குப் போனாங்க, அன்னிக்கு அதுதான் டாப். அதே நாள் மும்பை பத்து லட்சத்துக்கு ஒரு வங்காளத்து இடக்கை ஸ்பின்னரை எடுத்துச்சு, சைகா இஷாக். பேரைக் கேட்டதும் யாருன்னே தெரியலன்னு சொன்னவங்கதான் அதிகம். அந்த சீசன்ல 15 விக்கெட். மும்பைக்கு கப். இன்னொன்னு ஸ்ரீ சரணி, ஆந்திராவுல கடப்பா பக்கத்துப் பொண்ணு, 2025 சீசனுக்கு டெல்லி 55 லட்சத்துக்கு எடுத்தாங்க, அதே வருஷம் நவம்பர்ல இந்தியா உலகக்கோப்பை ஜெயிச்ச டீம்ல அந்தப் பொண்ணு இருந்துச்சு, அடுத்த ஏலத்துல அதே டெல்லி 1.3 கோடி குடுக்க வேண்டியதாச்சு.

தமிழ்நாட்டுக்காரங்களையும் ஒரு கண்ணு வச்சுக்கங்க, டீம் இல்லாட்டியும் ஆள் இருக்கு. ஹேமலதா முதல் சீசன்லயே குஜராத்துக்கு ஆடுனவங்க. கமலினி 2024 டிசம்பர் ஏலத்துல பத்து லட்சம் அடிப்படை விலையில வந்து 1.6 கோடிக்கு மும்பைக்குப் போச்சு, அப்போ வயசு 16. அடுத்த மாசமே மலேசியாவுல 19 வயசுக்குட்பட்டோர் உலகக்கோப்பை, ஜெயிச்ச டீம்ல அதுவும் ஒன்னு, செமிஃபைனல்ல இங்கிலாந்துக்கு எதிரா 56 நாட் அவுட். இடக்கை பேட்டர், கீப்பிங்கும் பண்ணும், மெகா ஏலத்துக்கு முன்னாடி மும்பை வச்சுக்கிட்ட அஞ்சு பேர்ல இதுவும் ஒன்னு. எந்த டீம் எடுக்கறதுன்னு குழம்பிட்டே இருந்தீங்கன்னா இது ஒரு நல்ல காரணம்.

டாஸ் போட்டதும்

பதினொன்னு பேர் வந்ததும் எல்லாரும் பேட்டிங் ஆர்டரைப் பார்ப்பாங்க. நீங்க பௌலர்களை எண்ணுங்க. இருபது ஓவர், ஒருத்தர் நாலுதான் போட முடியும், அதனால அஞ்சு பேர் கட்டாயம் வேணும், ஆனா அஞ்சே பேரோட இறங்குற டீம் ஒரு ஆள் அடி வாங்குனா தீர்ந்துச்சு. ஆறு பேர் இருந்தா நிம்மதி, ஏழு இருந்தா கேப்டன் ஜாலியா இருப்பாங்க. எண்ணி முடிச்சதும் ஒரு கேள்வி கேளுங்க: இந்தியப் பொண்ணுங்க மட்டும் சேர்ந்து எத்தனை ஓவர் போட முடியும்? பன்னிரண்டுக்கு மேல வந்தா அந்த டீமோட வெளிநாட்டு நாலு இடத்துல பேட்டரை அதிகமா வச்சுக்கலாம். எட்டுக்கு கீழ போச்சுன்னா ரெண்டு மூணு வெளிநாட்டு இடம் பௌலிங்குக்கே போயிடும், பேட்டிங் மெலிஞ்சிடும். இந்த ஒரு எண்ணை வச்சே டீம் எங்க வலுவா இருக்கு எங்க ஓட்டைன்னு பாதி சொல்லிடலாம்.

அப்புறம் ஒரு துண்டு பேப்பர்ல இருபது கட்டம் போடுங்க. ஒவ்வொரு ஓவர் முடிஞ்சதும் அந்தக் கட்டத்துல போட்டவங்க பேரோட முதல் எழுத்து, ரன், விக்கெட். ஸ்கோர்கார்டுல இது தெரியாது, ஸ்கோர்கார்டு நாலு ஓவர் 28 ரன்னுன்னு மொத்தமா சொல்லிட்டுப் போயிடும், அந்த நாலு ஓவரும் எப்போ போட்டாங்கங்கறதுதான் கதை. பவர்ப்ளேல ரெண்டு ஃபீல்டர்தான் வட்டத்துக்கு வெளிய, அங்க 28 குடுத்தா கெட்டிக்காரி. பதினோராவது ஓவர்ல செட் ஆகாத பேட்டர் ரெண்டு பேர் நிக்கறப்போ 28 குடுத்தா சுமார்தான். கட்டம் போட்டுப் பார்த்தீங்கன்னா கேப்டன் யாரை நம்பறாங்க, யாரை ஒளிச்சு வைக்கறாங்கன்னு பளிச்சுன்னு தெரியும், நாலாவது மேட்ச்சுக்குள்ள கேப்டனுக்கு முன்னாடி நீங்களே அடுத்த பௌலர் யாருன்னு சொல்ல ஆரம்பிச்சுடுவீங்க, வீட்ல இருக்கறவங்க எரிச்சலாவாங்க, பரவால்ல.

ஆண்கள் கிரிக்கெட் கண்ணோட பார்க்காதீங்கன்னு சும்மா சொல்லிட்டுப் போனா போதாது, என்னென்ன மாறுதுன்னு சொல்றேன். பந்து சின்னது, எடையும் கம்மி, 140ல இருந்து 151 கிராம், ஆண்கள் பந்து 156ல இருந்து 163. உள் வட்டம் 30 கெஜம் இல்ல 25 கெஜம், அதனால உள்ள நிக்கற ஃபீல்டர் பேட்டருக்குக் கிட்ட இருப்பாங்க, ஒத்தை ரன் எடுக்கறது லேசு இல்ல, பவுண்டரி கயிறும் உள்ள தள்ளி இருக்கும். வேகம் குறைவுதான், ஆனா ரொம்பக் குறைச்சு எடை போடாதீங்க, 2024ல டெல்லி மைதானத்துல மும்பையோட ஷப்னிம் இஸ்மாயில் 132.1 கிலோமீட்டர்ல ஒன்னு போட்டாங்க. பொதுவா ஆட்டத்தை ஓட்டுறது ஸ்பின்னுதான். புதுப் பந்தையே ஸ்பின்னர் கையில குடுப்பாங்க, பவர்ப்ளேல ரெண்டு மூணு ஓவர் ஸ்பின் சாதாரணம். ஹேலி மேத்யூஸ் 2023 ஃபைனல்ல நாலு ஓவர் ஆஃப் ஸ்பின் போட்டு அஞ்சே ரன்னுக்கு மூணு விக்கெட் எடுத்தாங்க, அந்த சீசன்ல மொத்தம் 16, அதிக விக்கெட்டுக்குக் குடுக்கற பர்ப்பிள் கேப் அவங்களுக்குத்தான். அதனால பேட்டர்களைப் பார்க்கறப்போ எவ்ளோ தூரம் சிக்ஸ் போகுதுன்னு பார்க்கறதை விட, ஸ்வீப் ஆடறாங்களா, கிரீஸை விட்டு இறங்கி வராங்களா, ஸ்பின்னுக்கு எதிரா கால் நகருதான்னு பாருங்க. ஸ்வீப் ஆடத் தெரியாத மிடில் ஆர்டர் பேட்டர் இந்த லீக்ல ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கறது கஷ்டம்.

சிக்ஸே வராதுன்னு நினைக்கறவங்களுக்கு மட்டும், 2023ல மும்பை பிரபோர்ன் மைதானத்துல ஆர்சிபியோட சோஃபி டிவைன் குஜராத்துக்கு எதிரா 36 பந்துல 99. ஆர்சிபி 189 ரன்னை 15.3 ஓவர்லயே முடிச்சாங்க. போதும்ல.

ரிவ்யூ விஷயம் ஒன்னு. வைடுக்கும் நோ பாலுக்கும் கூட இங்க ரிவ்யூ எடுக்கலாம், அது முதன்முதலா வந்ததே 2023 டபிள்யூபிஎல்லதான், அதுக்கப்புறம்தான் ஐபிஎல்லுக்குப் போச்சு. கடைசி ரெண்டு ஓவர்ல ஒரு ரிவ்யூ கையில இருக்கான்னு பார்த்து வச்சுக்கங்க, ஸ்லோவா லெக் சைடு போற பந்து ஒன்னுக்கு அது மேட்ச்சையே திருப்பிடும்.

நான் சொன்னதெல்லாம் வேலை செய்யுதான்னு ஒரு டீமை வச்சுப் பார்க்கலாம்

ஆர்சிபி. 2023ல அந்த டீமைப் பார்த்தா பேப்பர்ல பயமா இருக்கும். ஸ்மிருதி, எலிஸ் பெர்ரி, சோஃபி டிவைன், ஹெதர் நைட், மேகன் ஷூட், ரேணுகா, ரிச்சா கோஷ். முதல் அஞ்சு மேட்ச்சும் வரிசையா தோல்வி. எட்டுல ரெண்டு ஜெயிச்சு வீட்டுக்குப் போனாங்க. ஸ்டார் பட்டாளம் மட்டும் இருந்தா என்ன ஆகும்னு யாராவது கேட்டா இந்த சீசனைக் காட்டுங்க. பெர்ரியும் டிவைனும் சொதப்புனாங்கன்னு சொல்ல முடியாது, நடு ஓவர்ல ரன்னை இறுக்கிப் பிடிக்க ஆள் செட் ஆகல, அதுதான் பிரச்சனை.

2024ல என்ன மாறுச்சு? பேட்டிங் டாப்ல அதே பேருங்கதான். வெளிநாட்டுல சோஃபி மோலினோனு ஒரு ஆஸ்திரேலிய இடக்கை ஸ்பின்னர் வந்தாங்க. அவங்க கூட ரெண்டு இந்தியப் பொண்ணுங்க, ரெண்டு பேருமே முதல் ஏலத்துல பத்து லட்சம் பத்து லட்சத்துக்கு எடுத்தவங்க, முதல் சீசன்லயும் அதே டீம்லதான் இருந்தாங்க. ஒன்னு ஷ்ரேயங்கா பாட்டீல், பெங்களூருப் பொண்ணு, ஆஃப் ஸ்பின். இன்னொன்னு ஆஷா ஷோபனா, திருவனந்தபுரத்துக்காரங்க, லெக் ஸ்பின், அப்போ வயசு 32, உள்ளூர் கிரிக்கெட்ல வருஷக்கணக்கா ஆடியும் இந்திய டீம் கூப்பிடவே இல்ல. அந்த சீசன்ல ஷ்ரேயங்கா 13 விக்கெட் எடுத்து பர்ப்பிள் கேப், ஆஷா 12, மோலினோ 12. முடிஞ்சுது கதை.

முதல் மேட்ச்லயே தெரிஞ்சுபோச்சு. சின்னசாமியில யூபி 158 துரத்துறாங்க, நல்லாவே போயிட்டு இருக்காங்க, பதினேழாவது ஓவரை ஆஷா கையில குடுக்கறாங்க. மூணு விக்கெட், ஒரே ஓவர்ல. மொத்தம் 22 ரன்னுக்கு 5. ஆர்சிபி ரெண்டு ரன்ல ஜெயிச்சாங்க. இருபது கட்டம் போட்டிருந்தீங்கன்னா அந்தப் பதினேழாவது கட்டத்தைச் சுத்தி சிவப்பு மையில வட்டம் போட்டிருப்பீங்க.

எலிமினேட்டர் (ஃபைனலுக்கு முந்தின நாக் அவுட் மேட்ச்) இன்னும் நல்ல பாடம். டெல்லியில, மும்பையோட. ஆர்சிபி தட்டுத்தடுமாறி 135, அதுல பெர்ரி மட்டும் 66. மும்பைக்கு கடைசி 18 பந்துல 20 ரன் வேணும், ஹர்மன்ப்ரீத் கிரீஸ்ல, கைல ஏழு விக்கெட். யாரா இருந்தாலும் மும்பைன்னுதான் சொல்லுவாங்க. கேப்டன் ஸ்மிருதி வேகப்பந்துக்குப் போகல, பெர்ரிகிட்டயும் போகல. பதினெட்டு ஷ்ரேயங்கா, பத்தொன்பது மோலினோ, இருபது ஆஷா. பதினெட்டுல ஹர்மன்ப்ரீத் அவுட். கடைசி ஓவர்ல 12 வேணும், ஆஷா ஆறு ரன் குடுத்தாங்க. மூணு ஓவர்லயும் சேர்த்து 14 ரன்தான். இந்திய டீம் தொப்பியே போடாத ஒரு லெக் ஸ்பின்னரை நாக் அவுட் மேட்ச்ல கடைசி ஓவர் போட வைக்கறதுக்கு எவ்ளோ தைரியம் வேணும்னு யோசிங்க. ஸ்மிருதியோட கேப்டன்சி பத்தி ஆளாளுக்கு ஒன்னு சொல்லுவாங்க, நான் அந்த மூணு ஓவரைத்தான் காட்டுவேன்.

ஃபைனல் 2024 மார்ச் 17, அருண் ஜேட்லி ஸ்டேடியம், டெல்லிக்குச் சொந்த மைதானம். ஏழு ஓவர்ல 64, விக்கெட்டே விழல, ஷஃபாலி வெளுக்கறாங்க. எட்டாவது ஓவர் மோலினோ. ஷஃபாலி கேட்ச், ஜெமிமா போல்டு, கேப்ஸி போல்டு, பின்ன ரெண்டு பேரும் ஜீரோ. அதுக்கப்புறம் 113க்கு ஆல் அவுட். ஷ்ரேயங்கா 12 ரன்னுக்கு 4, ஆஷா ரெண்டு. பத்து விக்கெட்ல ஒன்பது இந்த மூணு ஸ்பின்னருக்கு, மீதி ஒன்னு ரன் அவுட். எல்லா ஹைலைட்ஸ்லயும் மோலினோவோட அந்த ஓவரைத்தான் போடுவாங்க, சரிதான், ஆனா அந்த ஓவருக்குப் பிறகு டெல்லியை எழுந்திருக்கவே விடாம அமுக்குனது பத்து லட்சக்காரங்க ரெண்டு பேரும். அந்தப் பிட்ச்ல 114 எடுக்கவே ஆர்சிபிக்கு 19.3 ஓவர் ஆச்சு, ரிச்சா ஃபோர் அடிச்சு முடிச்சாங்க. ஆர்சிபி ஆண்கள் டீம் அப்போ பதினாறு வருஷமா கப்புக்கு அலைஞ்சுட்டு இருந்தாங்க, பெண்கள் ரெண்டாவது சீசன்லயே தூக்கிட்டாங்க, அந்த ராத்திரி நம்ம ஊர் மீம் பசங்க தூங்கவே இல்ல.

அடுத்த வருஷம் இதே டீம் ப்ளேஆஃபுக்கே வரல. காயம்தான், ஷ்ரேயங்காவும் இல்ல ஆஷாவும் இல்ல. ஸ்மிருதி இருந்தாங்க, பெர்ரி இருந்தாங்க, பெர்ரி நல்லாவே அடிச்சாங்க. இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

பாயின்ட்ஸ் டேபிள், ரன் ரேட்

ஒவ்வொரு டீமும் மத்த நாலு டீமோட ரெண்டு ரெண்டு தடவை, எட்டு மேட்ச். முதல் இடம் நேரா ஃபைனல். ரெண்டாவதும் மூணாவதும் எலிமினேட்டர் ஆடி ஜெயிக்கறவங்க ஃபைனல். நாலும் அஞ்சும் வீட்டுக்கு. எட்டே மேட்ச்ங்கறதால ரன் ரேட் ரொம்ப சீக்கிரம் கழுத்தைப் பிடிக்கும். 2023ல டெல்லியும் மும்பையும் தலா 12 பாயின்ட், 2025ல ரெண்டு பேரும் தலா 10, ரெண்டு தடவையும் ரன் ரேட்ல டெல்லி மேல.

கணக்கு இப்படித்தான். நீங்க 20 ஓவர்ல 160, ஓவருக்கு 8. எதிரணி 17 ஓவர்ல 140க்கு ஆல் அவுட், ஆனா ஆல் அவுட் ஆனா 20 ஓவரும் ஆடுனதா கணக்கு, அதனால ஓவருக்கு 7. வித்தியாசம் பிளஸ் 1. இப்போ சேஸ் பண்றப்போ பாருங்க, எதிரணி 20 ஓவர்ல 140, நீங்க 15.3 ஓவர்ல 141 அடிச்சீங்க. 15.3ங்கறது கணக்குல பதினஞ்சரை. 141ஐ பதினஞ்சரையால வகுத்தா 9.1 வரும், அதுல 7 போச்சுன்னா பிளஸ் 2.1. சீக்கிரம் சேஸ் பண்றது எவ்ளோ லாபம்னு தெரியுதா. (சீசன் முழுக்கன்னா எல்லா மேட்ச் ரன்னையும் ஓவரையும் மொத்தமாக் கூட்டி வகுக்கணும், மேட்ச் மேட்ச்சா போட்டு சராசரி எடுக்கக்கூடாது.) அதனால சீசன் பின்பாதியில உங்க டீம் சுலபமான சேஸ்ல பதிமூணாவது ஓவர்ல திடீர்னு கண்ணை மூடிட்டு சுத்துனா திட்டாதீங்க, டேபிளைப் பார்த்துட்டுதான் சுத்தறாங்க.

இவ்ளோ சொல்லிட்டு ஒன்னு. முதல் மூணு சீசன்லயும் டேபிள்ல முதல் இடம் டெல்லிதான், மூணு தடவையும் ஃபைனல்ல தோத்தாங்க. 2023ல மும்பைகிட்ட, 2024ல ஆர்சிபிகிட்ட, 2025ல மறுபடி மும்பைகிட்ட எட்டு ரன்ல. எலிமினேட்டர் ஆடிட்டு சூடா வர்றவங்களுக்கு அது லாபமா, இல்ல டெல்லிக்கு ராசியே இல்லியான்னு தெரியல, டெல்லி ரசிகர்கள்கிட்ட மட்டும் இதைக் கேக்காதீங்க.

சீசன் இல்லாத மாசங்கள்ல

லீக் ஒரு மாசம்தான், மீதி பதினோரு மாசம் என்ன பண்றது? இங்கதான் உண்மையான ரசிகர் யாருன்னு தெரியும். பிசிசிஐ நடத்துற சீனியர் விமன்ஸ் டி20 டிராஃபி இருக்கு, மாநிலங்கள் ஆடறது, 19 வயசுக்குட்பட்டோருக்கும் தனியா இருக்கு. ஸ்கோர்கார்டு பிசிசிஐ தளத்துலயே கிடைக்கும். ரயில்வேஸ் டீம்னா அங்க ராஜா, ரொம்ப வருஷமா, காரணம் சிம்பிள், வேலை குடுப்பாங்க, அதனால நல்ல ஆளுங்க எல்லாம் அங்க சேர்ந்துடுவாங்க. டபிள்யூபிஎல் வர்றதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு கிரிக்கெட் ஆடி சோறு சாப்பிட அது ஒரு முக்கியமான வழி.

ஸ்கோர்கார்டை எப்படிப் பார்க்கறதுன்னா, பெரிய ஸ்கோரைப் பார்த்து மயங்கக்கூடாது, யாருக்கு எதிரான்னு பார்க்கணும். மாநில டீமுங்களுக்குள்ள ஏற்றத்தாழ்வு பயங்கரம். ஆனா சில நேரம் பெரிய ஸ்கோர் பெரிய ஸ்கோர்தான். 2022ல நாகாலாந்துக்கு ஆடுன கிரண் நவ்கிரே, மகாராஷ்டிராப் பொண்ணு, அருணாச்சலுக்கு எதிரா 76 பந்துல 162 நாட் அவுட். பலவீனமான டீம்தானேன்னு சொன்னாங்க. அடுத்த மாசமே, டபிள்யூபிஎல்லுக்கு முன்னாடி நடந்துட்டு இருந்த விமன்ஸ் டி20 சேலஞ்ச்ல வந்து பெரிய பௌலர்களை வச்சு 25 பந்துல அம்பது. அப்புறம் 2023ல யூபி எடுத்தாங்க, முதல் மேட்ச்ல பேட்ல ஸ்பான்சர் ஸ்டிக்கரே இல்லாம எம்எஸ்டி 07ன்னு கையால எழுதிட்டு வந்து குஜராத்துக்கு எதிரா 53. தல ரசிகர்களுக்கு அன்னிக்கு யூபி மேல திடீர் பாசம்.

19 வயசு உலகக்கோப்பையை விட்டுடாதீங்க. 2025ல கேப்டனா இருந்து ஜெயிச்ச நிக்கி பிரசாத், ரெண்டே வாரத்துல டெல்லிக்கு முதல் மேட்ச், வடோதராவுல மும்பைக்கு எதிரா, கடைசிப் பந்து வரைக்கும் போன சேஸ்ல 35 ரன். மலேசியாவுல மேட்ச் பார்த்தவங்களுக்கு அன்னிக்கு ஆச்சரியமே இல்ல.

ஸ்பின்னர்களைத் தேடறப்போ எக்கானமியை (ஓவருக்கு சராசரியா எத்தனை ரன் குடுக்கறாங்க) முதல்ல பாருங்க, விக்கெட்டை அப்புறம். உள்ளூர்ல விக்கெட் சும்மா கூட விழும், ஆனா தொடர்ந்து ஓவருக்கு நாலஞ்சு ரன்னுக்குள்ள கட்டிப் போடறவங்க டபிள்யூபிஎல்ல ஏழு ரன்னுக்குள்ள போட வாய்ப்பிருக்கு. பேட்டர்னா அஞ்சாவது ஆறாவது இடத்துல இறங்கி வேகமா அடிக்கறவங்களைத் தேடுங்க, டாப் ஆர்டர்ல ரன் குவிக்கறவங்க நிறைய, அந்த இடம் டபிள்யூபிஎல்ல வெளிநாட்டுக்காரங்களுக்கே போயிடும். உதாரணத்துக்கு சஜனா, கேரளா, 2024 சீசனுக்கு மும்பை 15 லட்சத்துக்கு எடுத்தாங்க, முதல் மேட்ச்ல டெல்லிக்கு எதிரா கடைசிப் பந்துல அஞ்சு ரன் வேணும், அப்போதான் உள்ள வர்றாங்க, சந்திச்ச முதல் பந்தே சிக்ஸ்.

இப்படிக் கிடைக்கற பேருங்களை ஒரு பத்து பன்னெண்டு நோட்டுல எழுதி வச்சுக்கங்க, அடுத்த ஏலம் வர்றப்போ டிவி முன்னாடி அந்த லிஸ்டோட உட்காருங்க. அதுல ரெண்டு பேர் விலை போனாலே நல்ல ஸ்கோர்தான், உங்க டீமே எடுத்துச்சுன்னா அந்த ராத்திரி நண்பர்கள் குரூப்ல நீங்கதான் கெத்து. யாருமே எடுக்கலன்னா லிஸ்டைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க, காயம்பட்ட ஆளுக்கு மாத்தா சீசன் நடுவுல கூப்பிடுவாங்க.